ஊசிக்கு வழிபாடு வேண்டா, உரைகல் வேண்டும்

சீனத்து ஊசி மருத்துவத்தைப் பற்றி இன்று இரு கூட்டத்தார் இரு முரசம் அறைகின்றனர். முதற் கூட்டத்தார், "இஃது ஐயாயிரம் ஆண்டுப் பழமையது, அன்று தொட்டு இன்று வரை அணுவளவும் மாறாதது, தலைவலியும் இடுப்புவலியும் மட்டுமா, நீரிழிவும் நெஞ்சடைப்பும் புற்றும்கூட இவ்வூசி முனையில் ஓடிப்போம், ஆகவே உண்டுவரும் மருந்தையெல்லாம் குப்பையிற் கொட்டுக" என்கின்றனர். இரண்டாங் கூட்டத்தார், "இது வெறுங் கண்கட்டு, இதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கூறி முகத்தைத் திருப்பிக் கொள்கின்றனர்.

இவ்விரு கூட்டத்தாரும் தம்முள் பகைவர் போலத் தோன்றினும் ஒன்றில் உடன்பிறந்தாரே ஆவர். இருவருமே சீனத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாரல்லர்; ஆய்வின் முடிவுகளை எண்ணிப் பார்த்தாரல்லர். முன்னவர் கேட்டதை நம்பினர். பின்னவர் கேளாமலே மறுத்தனர். இடையிற் கிடந்து துன்புறுபவர் நோயாளரே. நாற்று நட்டு நட்டு இடுப்பொடிந்தவர்க்கும், தறிக்குழியிற் கால் மரத்துப்போனவர்க்கும், ஒற்றைத் தலைவலியோடு அடுப்படியில் நாள் கழிக்கும் தாய்க்கும் மெய் கூறுவார் யார்? அது கூறவே இக்கட்டுரை எழுந்தது.

பெயரே பாதியை மறைத்தது

முதற்கண் பெயரைப் பார்ப்போம். சொல்லை ஆயாதவன் பொருளை ஆயான்.

'அக்குபஞ்சர்' என்று பலகைதோறும் எழுதி வைக்கின்றனரே, அது சீனச் சொல்லன்று. சப்பானில் பணியாற்றிய ஒல்லாந்து மருத்துவர் வில்லெம் தென் இரைனெ என்பார், 1683ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த தம் நூலில், ஊசி என்னும் பொருளும் குத்தல் என்னும் பொருளும் உடைய இரண்டு இலத்தீன் சொற்களைச் சேர்த்துப் படைத்த சொல் அது. சீனர் அம்மருத்துவத்தைச் 'சென்சியு' என்பர். 'சென்' என்பது ஊசி. 'சியு' என்பது சுடுதல். ஊசியும் சூடும் சேர்ந்ததே அம்மருத்துவம். நாம் மாசிபத்திரி என்று வழங்கும் செடியின் இனத்ததாகிய ஒரு மூலிகையை உலர்த்திப் பஞ்சாக்கிக் கனலவிட்டு உடலுக்குச் சூடேற்றுவது அதன் மறுபாதி. மேலையர் வைத்த பெயரில் ஊசி நின்றது, தீ அணைந்தது. சீனத்தின் தொன்மருந்து என்று மார்தட்டுவார், அதனைச் சீனப் பெயராலும் வழங்கார். தம் மொழியிற் பெயர்த்துக் குத்தூசி மருத்துவம் என்றும் வழங்கார். ஒல்லாந்தர் கட்டிய இலத்தீன் கூட்டுச்சொல்லைச் சீனச் செல்வம் என்று ஏந்தித் திரிவர்!

'சி' என்னும் சீனச் சொல்லுக்கும் இதே நிலைதான் நேர்ந்தது. ஆவி, மூச்சு, காற்று, உயிர்வளி எனப் பல பொருள் தாங்கிய அச்சொல்லை, 1930களில் சூலியே தெ மொரான் என்னும் பிரெஞ்சுக்காரர் 'ஆற்றல்' என்று பெயர்த்துப் பரப்பினார். அன்று முதல் இந்நாள் வரை, மின்னோட்டம் போல் ஓர் ஆற்றல் உடம்பிற் குழாய் வழி ஓடுவதாகப் படம் வரைந்து பணம் பறிக்கின்றனர். மூல ஏட்டில் இல்லாத பொருளை மொழிபெயர்ப்பில் ஏற்றி, அதன்மேல் ஒரு மருத்துவத்தையே கட்டுவது எத்துணைப் பெருங்கேடு!

மாறாத மரபென்பது மாயம்

'அணுவளவும் மாறாதது' என்பார்க்கு விடை கூறுவோம்.

1973ஆம் ஆண்டு சீனத்தின் மா வாங் துயி என்னும் இடத்துக் கல்லறையிற் பட்டுச் சுவடிகள் கிடைத்தன. கி.மு. 168இல் மூடப்பெற்ற கல்லறை அது. அச்சுவடிகளில் உடலின் தடங்கள் பதினொன்று கூறப்படுகின்றன, அத்தடங்களிற் சூடிடும் முறை கூறப்படுகிறது, ஊசி கூறப்படவில்லை! ஊசிமுறையை விரித்துரைப்பது 'மஞ்சள் வேந்தனின் அகநூல்' என்னும் தொகைநூலே. அது கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளையொட்டித் தொகுக்கப்பெற்றது என்பர் அறிஞர். அதில் தடங்கள் பன்னிரண்டாயின. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் குவாங்பு மி எழுதிய நூலில் ஊசிப் புள்ளிகள் 349. 1027ஆம் ஆண்டில் வாங் வெய்யி வார்ப்பித்த வெண்கல மாந்த உருவில் 354. இன்று உலக நலவாழ்வு அமைப்பு ஏற்றுள்ள எண்ணிக்கை 361. மாறாதது ஒன்று எங்ஙனம் எண்ணிக்கையில் வளரும்?

அவ்வெண்கல உருவைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. அதன் மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பித் தேர்வு வைப்பராம். மாணவன் சரியான புள்ளியிற் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி நுழையாது. பழஞ்சீனர் தம் மாணவனை நம்பிக்கையால் அளந்தாரல்லர், தேர்வால் அளந்தனர். அவர்தம் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்க்குத்தான் தேர்வென்றால் நடுக்கம்.

இன்று நாம் காணும் மயிரிழை போன்ற மெல்லூசியும், குருதிக் குழாய்களை விலக்கி வகுத்த புள்ளிகளும், இருபதாம் நூற்றாண்டில் செங் தான்-ஆன் (1899 – 1957) போன்ற சீர்திருத்தக்காரர் மேலை உடற்கூற்றியலைக் கற்றுச் செய்த திருத்தங்களின் பயன். பண்டைய ஊசிகள் ஒன்பது வகை. அவற்றுட் சில சீழ்க்கட்டியைக் கீறும் கத்தியை ஒத்தவை. பழமை மாறாதிருந்திருப்பின் இன்று இவர்களுள் எவரும் படுக்கையில் அமைதியாய்ப் படுத்து ஊசி குத்திக்கொள்ளார்.

சீனமே தள்ளியது, சீனமே தாங்கியது

1822ஆம் ஆண்டு சீன வேந்தர் தாவோகுவாங், அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசிமருத்துவத்தை நிறுத்துமாறு ஆணையிட்டார். 1929ஆம் ஆண்டு நான்சிங் அரசின் நலவாழ்வுக் குழு, யூ யுன்சியு என்பார் கொணர்ந்த தீர்மானப்படி, மரபு மருத்துவத்தையே ஒழித்துக்கட்ட முனைந்தது. அவ்வாண்டு மார்ச்சு 17ஆம் நாள் நாடெங்குமிருந்து மரபு மருத்துவர் சாங்காயிற் கூடி எதிர்த்தனர், அம்முயற்சி கைவிடப்பட்டது.

1949இல் பொதுவுடைமை அரசு அமைந்தபோது நாட்டில் ஏறத்தாழ 54 கோடி மக்கள். மேலை மருத்துவம் பயின்றவரோ மிகச் சிலர். இருப்பவரை வைத்து இல்லாமையைத் தீர்க்க வேண்டிய நெருக்கடியில் மா சே துங் மரபு மருத்துவத்தைத் தாங்கிப் பிடித்தார்; 1958இல் அதனைப் பெருங்கருவூலம் என்று போற்றி, அகழ்ந்து மேம்படுத்துமாறு பணித்தார். ஆனால் தாம் அதனை நம்புவதில்லை என அவர் கூறியதாக, அவர்தம் தனி மருத்துவர் இலீ சிசுயி 1994இல் வெளியிட்ட நினைவு நூலில் எழுதுகிறார். ஊருக்கு ஊசி, தமக்கு மேலை மருந்து! அரசியல் தேவையால் ஏற்றப்பட்ட கொடியை அறிவியல் முடிவென்று எண்ணி வணங்குவது அறியாமை.

ஆயினும் அத்தேவையால் விளைந்த நன்மையையும் மறைத்தல் கூடாது. 1960களின் பிற்பகுதியில் சிற்றூர்தோறும் எழுந்த 'வெறுங்கால் மருத்துவர்', ஊசியும் மூலிகையும் மட்டுமின்றித் தடுப்பூசியும் எளிய மேலை மருந்தும் கொண்டு சென்றனர்; தூய நீரும் கழிப்பிடத் தூய்மையும் கற்பித்தனர். சிற்றூர் மக்களின் நலம் உயர்ந்தமைக்கு இவை யாவும் சேர்ந்து துணைநின்றன. ஊசி ஒன்றே செய்ததெனப் பாடுவது, பலர் கூடி இழுத்த தேரை ஒருவன் இழுத்ததாகக் கூறுவதாகும்.

ஒரு குடல்வாலின் கதை

மேலை நாடுகளில் ஊசிப்பித்து ஏறியது எப்படி? 1971ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'நியூயார்க்கு டைம்சு' இதழாளர் சேம்சு இரெசுட்டன் பீகிங்கிற் குடல்வால் அழற்சியுற்றார். மருத்துவமனையில் அவர்க்கு வழக்கமான மரப்பூசி மருந்து ஏற்றியே குடல்வாலை அறுத்தெடுத்தனர். மறுநாள் இரவு வயிற்று உப்புசம் வருத்தியபோதுதான், முழங்கையிலும் முழங்காலின் கீழும் மூன்று ஊசி செருகி, வயிற்றருகே மூலிகைச் சூடு காட்டினர், வருத்தம் தணிந்தது. இதனை அவரே சூலை 26ஆம் நாள் இதழில் தெளிவாக எழுதினார். ஆனால் ஊரார் வாயில், 'மரப்பு மருந்தே இன்றி ஊசியால் மட்டும் வயிற்றை அறுத்தனர்' என்று அக்கதை வளர்ந்தது. இன்றும் பலகை வைத்திருப்பார் பலர் அவ்வாறே சொல்கின்றனர். எழுதியவரே மறுத்தாலும் விடாத பொய்க்கு என்ன பெயர் வைப்பது?

இந்தியாவுக்கு இம்மருத்துவம் வந்த வழி இதனினும் நேர்மையானது. 1938இல் சீனத்துக்குத் தொண்டாற்றச் சென்ற ஐவர் மருத்துவக் குழுவில் கோட்னிசு என்பாரும் ஒருவர். அவர் 1942இல் அங்கேயே உயிர் துறந்தார். அக்குழுவினருள் மற்றொருவராகிய பி.கே. பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் சீனஞ் சென்று ஊசிமுறையைக் கற்றுவந்து கொல்கத்தாவில் தொடங்கினார். அவர் முறைப்படி மருத்துவம் கற்ற பின்னர் ஊசி கற்றவர் என்பதை இன்று ஊசி மட்டும் கற்றவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

உரைகல் கூறுவது

இனி ஆய்வுக்கு வருவோம். செருமனியில் நெடுநாள் இடுப்புவலியுற்ற 1,162 பேரை மூன்று குழுவாக்கினர். ஒரு குழுவுக்குச் சீன நூல் கூறும் புள்ளிகளில் ஊசி. மற்றொன்றுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமான பொய்யூசி. மூன்றாவதற்கு மருந்தும் உடற்பயிற்சியும் அடங்கிய வழக்க மருத்துவம். ஆறு திங்களுக்குப் பின் நலமுற்றோர் முறையே 47.6 விழுக்காடு, 44.2 விழுக்காடு, 27.4 விழுக்காடு. 2007இல் வெளிவந்த முடிவு இது.

இவ்வெண்கள் இரு கூட்டத்தாரையும் ஒருங்கே தலைகுனியச் செய்கின்றன. கொடி பிடிப்பாரே, நும் 361 புள்ளியும் பன்னிரு தடமும் எங்கே? புள்ளியிற் குத்தினும் அல்லாவிடத்துக் குத்தினும் பயன் ஏறத்தாழ ஒன்றாயிற்றே! எள்ளுவாரே, நும் வழக்க மருத்துவம் ஊசிக்கும் பொய்யூசிக்கும் பின்தங்கியது ஏன்? வலியுற்றவனைப் படுக்கவைத்து, தொட்டு, கேட்டு, அரைமணி நேரம் அருகிருந்து பேணுவதில் ஓர் ஆற்றல் உண்டென்பதை நீவிர் மறந்தமையால் அன்றோ? வழக்க மருத்துவம் பெற்றோர் தமக்கு ஊசி கிட்டவில்லை என்பதை அறிந்திருந்தனர். அவ்வேமாற்றமும் இவ்வெண்ணிற் கலந்திருத்தல் கூடும். அதனைக் கழித்துப் பார்ப்பினும் பாடம் அழியாது.

பின்னர் 2018இல், 39 ஆய்வுகளில் இடம்பெற்ற 20,827 நோயாளரின் குறிப்புகளை ஒருங்கு திரட்டி ஆய்ந்தனர். முதுகு, கழுத்து, முழங்கால் மூட்டு, தலை ஆகியவற்றின் நெடுநாள் வலியில் மெய்யூசி பொய்யூசியினும் சற்றே சிறந்தது, அவ்வேற்றம் சிறிது. ஊசியே பெறாதாரோடு ஒப்பிட்டாலோ வேறுபாடு பெரிது. அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு, மணிக்கட்டின் உட்புறம் மூவிரல் மேலே இரு நாண்களுக்கு இடையிலுள்ள புள்ளியைத் தூண்டுதல் பயன் தருகிறதென 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. புகைப்பழக்கத்தை நெடுங்காலம் விடுவிக்கும் என்பதற்கோ உறுதியான சான்று கிட்டவில்லை.

இங்கிலாந்தின் நலவாழ்வு நெறிக்குழு, 2009இல் இடுப்புவலிக்கு ஊசியைப் பரிந்துரைத்தது. 2016இல் சான்று போதாதென அதனை நீக்கியது. 2021இல் வேறு கரணியம் விளங்காத நெடுநாள் வலிக்கு அதனை ஒரு வழியாக ஏற்றது. சான்று மாறின் முடிவை மாற்றிக்கொள்வது இழுக்கன்று. அறிவின் நேர்மை அதுவே. ஒரு முறையேனும் தம் முடிவை மாற்றிக்கொண்ட பலகைக்காரர் எவரேனும் உளரா?

பெயர் மாறினால் உயிர் போகும்

'மூலிகை தானே, தீங்கென்ன செய்யும்?' என்பார் கேட்க. சீன மருத்துவத்தில் 'பாங்சி' என்னும் பெயர் இருவேறு செடிகளின் வேருக்கு வழங்குகிறது. 'ஆன் பாங்சி' ஒன்று. 'குவாங் பாங்சி' மற்றொன்று. பெயரின் பின்பகுதி ஒன்று. செடியோ வேறு, குணமோ வேறு. பெல்சியத் தலைநகரில் உடல் இளைக்க வந்த மகளிர்க்கு, முன்னதன் பெயரால் பின்னதன் பொடியைக் கொடுத்துவிட்டனர். 1993இல் இக்கேடு வெளிப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் பாழாயிற்று. பலருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றும் தோன்றியது. ஒரு சொல்லைச் சரிபாராமையின் விலை இது! சொல்லாய்வு வீண்வேலை என்று நம்மை நகைப்பார் இதனைப் படித்த பின்னும் நகைப்பாரோ?

ஊசியும் முற்றும் தீங்கற்றதன்று. மார்பில் ஆழக் குத்தின் நுரையீரலைத் துளைக்கும். ஒருவர்க்குக் குத்தியதை மற்றொருவர்க்குக் குத்தின் ஈரல் அழற்சி நோய் பரவும்.

எல்லாவற்றினும் கொடியது, 'உண்ணும் மருந்தை நிறுத்து' என்னும் சொல். இன்சுலின் இன்றி வாழவியலாத வகை நீரிழிவுடைய குழந்தைக்கு அதனை நிறுத்தினாற் சில நாள்களிலேயே உயிர்க்கேடு நேரும். அவ்வாறு நிறுத்தச் சொல்பவன் மருத்துவனல்லன். அவன் எம்மொழியில் எம்மரபின் பெயரால் பேசினும் சரியே.

ஓர் ஏட்டு வரி உலகைக் காத்தது

அவ்வாறாயின் சீன மரபில் கொள்ளத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு, பெரிதாக உண்டு. அதனை எடுத்த விதத்தைத்தான் நாம் கற்க வேண்டும்.

1967 மே 23ஆம் நாள், மலேரியா எனப்படும் முறைக்காய்ச்சலுக்கு மருந்து காணச் சீன அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 1969இல் அதிற் சேர்ந்த தூ யூயூ என்னும் அம்மையார், பழஞ்சுவடிகளையும் மருத்துவர்தம் பட்டறிவையும் திரட்டினார். 'சிங்காவோ' என்னும் மூலிகையின் சாறு ஒருகால் பயன் தந்தது, ஒருகால் தரவில்லை. மீண்டும் ஏட்டைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கெ ஒங் என்பார் எழுதிய அவசர மருந்து நூலில், அம்மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு கூறியிருந்தது. காய்ச்சுமாறு கூறவில்லை! வெப்பம் மருந்தைக் கெடுக்கின்றது போலும் என உய்த்துணர்ந்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் கொண்டு சாறு இறக்கினார். 1971 அக்டோபரில் 191ஆம் சாறு எலிகளிடத்து முழுப்பயன் தந்தது. 1972இல் அவரும் உடன்பணியாளரும் முதலில் தம் உடம்பிலேயே அதனைச் செலுத்தித் தீங்கின்மையை அறிந்தனர். அவ்வாண்டே மருந்துப்பொருள் படிகமாகப் பிரிந்தது. அதுவே ஆர்ட்டிமிசினின். 2015இல் அவர்க்கு நோபல் பரிசு கிட்டியது.

ஏட்டை வணங்கியிருந்தால் பொட்டலம் கட்டி விற்றிருப்பார். எள்ளியிருந்தால் திறந்தே பாரார். அவர் இரண்டும் செய்யாது, படித்தார், ஐயுற்றார், பிரித்தார், அளந்தார், தம் மேலேயே ஆய்ந்தார். முனைவர் பட்டமோ வெளிநாட்டுப் பயிற்சியோ அவர்க்கு இல்லை. பண்டை ஏட்டைத் தம் மொழியிற் படிக்கவும் தெரிந்திருந்தது, மருந்தியலும் தெரிந்திருந்தது. இரண்டும் ஒருவரிடத்தே கூடியதுதான் அவ்வெற்றியின் மறைபொருள்.

நமக்கு நாமே கூறிக்கொள்ள வேண்டியது

ஈண்டு நம்மவர்க்கும் ஒரு சொல். 'ஊசி மருத்துவம் நம் வர்மமே. போகர் அதனைச் சீனத்துக்குக் கொண்டு சென்றார்' என்று நம்முட் சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். போகரைச் சீனத்தோடு இணைக்கும் வழிவழிச் செய்தி உண்டு என்பது மெய். ஆனால் வழிச்செய்தி வேறு, சான்று வேறு. மா வாங் துயி முதலாகச் சீன மண்ணிலேயே அம்முறை படிப்படியாக வளர்ந்த தடம் தெரிகின்றது. தமிழகத்தினின்று சென்றதெனக் காட்டும் அக்காலத்து ஏட்டையோ கல்வெட்டையோ எவரும் காட்டினாரல்லர். பிறர் பொருளுக்கு உரிமை கோருவது தமிழ்ப்பற்று ஆகாது. நம் மெய்யான பழமையையும் பிறர் ஐயுறவே அது வழிசெய்யும்.

நம் சித்த மருத்துவச் சுவடிகளோ, படிக்கத் தெரிந்தவர்க்கு வேதியியல் தெரியாமலும், வேதியியல் தெரிந்தவர்க்குப் படிக்கத் தெரியாமலும் கிடக்கின்றன. மருத்துவமும் வேதியியலும் தமிழிற் கற்பிக்கப்பெற்றாலன்றி இப்பிளவு மாறாது. தூ யூயூ போன்ற ஒருவர் நம்மிடை எழ வேண்டுமாயின் அதற்குரிய விளைநிலம் தாய்மொழிக் கல்வியே.

அன்புடைய தமிழ் மக்களே! நெடுநாள் இடுப்புவலியோ, மூட்டுவலியோ, அடிக்கடி வரும் தலைவலியோ உடையீரானால், முதலில் மருத்துவரிடம் காட்டிக் கரணியம் அறிக. பின்னர் விரும்பின், முறையாகக் கற்றவரிடம், ஒருமுறை பயன்படுத்தி எறியும் தூய ஊசியால் மட்டும் குத்திக்கொள்க. சில முறை பார்த்தும் பயன் இல்லையேல் நிறுத்துக. திடீரெனத் தலை பிளப்பது போன்ற வலியோ, முதுகுவலியோடு கால் தளர்ச்சியோ நீர் கட்டுதலோ, நெஞ்சில் இறுக்கமோ தோன்றின் ஊசியை நாடாது உடனே மருத்துவமனைக்கு விரைக. பெயரும் பகுதிப் பொருளும் எழுதப்படாத பொடியை வாயிலிடற்க. மருந்தை நிறுத்தச் சொல்வானிடம் ஒரு நாழிகையும் நில்லற்க.

சீனத்ததாயினும் தமிழதாயினும் மேலையதாயினும் மருந்துக்கு உரைகல் ஒன்றே: நோயுற்றவன் நலமுற்றானா என்னும் வினா. அவ்வினாவை அஞ்சாது எதிர்கொள்ளும் மரபு வாழும். அஞ்சி ஒளியும் மரபு, எத்துணைப் பழமை பேசினும் அழியும்.